எட்டாவது பாட்டுக்கு விழுந்த கண்ணீர்

கிழிப்பது என்று சனிக்கிழமையே முடிவாகிவிட்டது. ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை. அது ஒரு குறையா?

வாரப் பத்திரிகை ஒன்றில் பதினாறு வருஷமாக இசை விமர்சனம் எழுதுகிறவர் அவர். வாசகர்கள் வைத்த பெயர் கத்திரி. கத்திரியிடம் சிக்கிய பாடகர்கள் சிலர் தொழிலையே மாற்றிக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கத்திரிதான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

இந்தத் தடவை சிக்கியவர்கள் நான்கு இளைஞர்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், ஒரு கார் ஷெட்டுக்குள் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கிடாரும் டிரம்முமாகப் பதிவு செய்த முதல் ராக் ஆல்பம். பெயர் ‘குடை மறந்தவர்கள்’. பத்துப் பாட்டு, நாற்பத்தோரு நிமிஷம். வெளிவந்த மூன்றே வாரத்தில் ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஒரு விமர்சகர் ‘ஒரு தலைமுறையின் குரல்’ என்றார். இன்னொருவர் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். முடிவெட்டும் கடையில் அந்த ஆல்பத்தைப் போட்டபோது, எழுதுவதற்கு முன் காது கெட்டுவிடக் கூடாதே என்று கத்திரி பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டார்.

“எல்லாரும் பாராட்டி முடிச்சாச்சு சார்,” என்றார் பத்திரிகை ஆசிரியை போனில். “நமக்கு மிச்சம் இருக்கிறது திட்டுறது மட்டும்தான். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள வந்துடணும்.”

ஆனால் கிழிப்பது திட்டத்தில் பாதிதான். மறுபாதியைக் கத்திரி யாரிடமும் சொல்லவில்லை.

மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய் எட்டு மாதம். அவள் போனதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. மனைவிக்குக் காது ஆஸ்பத்திரியில் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காதில் ‘பீப்’ ‘பீப்’ என்று அனுப்பி, கேட்கிறதா இல்லையா என்று சோதிக்கிற வேலை. வீடு திரும்பியதும் அவளுக்கு வேண்டியது நிசப்தம். தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்த அறையில் கத்திரி ஹெட்போனை மாட்டிக்கொள்வார். குடும்பப் பேச்செல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில் நடந்தது. ‘பால் தீர்ந்தது.’ ‘வாங்கிவிட்டேன்.’ ‘நன்றி.’ அந்த ‘நன்றி’ சீட்டை அவர் மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மறுபாதித் திட்டம் இது: விமர்சனத்தைச் சாக்காக வைத்து, மனைவியை நாற்பத்தோரு நிமிஷம் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, ஒரு உதவி.”

“பல்பா, குழாயா?”

“ரெண்டும் இல்ல. ஒரு ஆல்பம் கேக்கணும்.”

“கேளுங்க. யாரு தடுத்தா?”

“நீயும் கூட உக்காரணும். சாதாரண ஜனங்க எப்படிக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

“நான் சாதாரண ஜனமா?”

“அசாதாரண ஜனம்தான். இசை விஷயத்துல மட்டும் கொஞ்சம் சாதாரணம்.”

“எந்த ஆல்பம்?”

சொன்னார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “சரி. நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள ரூம்ல ஒரு சின்ன வேலை இருக்கு.”

இவ்வளவு சுலபமா! கத்திரி ஸ்பீக்கரைத் துடைத்தார். தலை வாரினார், வெட்டிய பாதியையும் வெட்டாத பாதியையும். இரண்டு நாற்காலிகளை நாலடி தள்ளிப் போட்டார். பிறகு மூன்றடி. பிறகு இரண்டையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு சோபாவையே இழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். கூந்தலைக் காதோடு சேர்த்துத் தழைய விட்டிருந்தாள். உட்கார்ந்தாள். அவர் பொத்தானை அழுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பாட்டு ஆரம்பித்தது. கத்திரியும் ஆரம்பித்தார்.

“இந்த கிடாரைக் கவனி. முப்பது வருஷம் முன்னாடியே இதைத் துவைச்சுக் காயப்போட்டாச்சு.”

அவள் தலையாட்டினாள்.

“டிரம் அடிக்கறவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடறான் பாரு.”

தலையாட்டினாள். அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. நாலாவது பாட்டில் ராக் இசையின் வீழ்ச்சியைச் சொன்னார். ஐந்தாவதில், இருபது வயதில் தானே ஒரு கிடார் வாங்கியதையும், மேடையேறிய முதல் நாளே விரல் மரத்துப்போய் இறங்கி ஓடியதையும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எட்டு மாதத்தில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. கிழிக்க வந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

எட்டாவது பாட்டு ஒரே இரைச்சல். “இது பாட்டா, இல்ல தகர டப்பாவை மாடியிலேர்ந்து உருட்டி...” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நிறுத்தினார். அவள் கன்னத்தில் கண்ணீர்.

அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது பாட்டு முடிந்தது. ஸ்பீக்கர் ஓய்ந்தது. அவள் தலை மட்டும் நிற்காமல் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது, மூன்று நான்கு நிமிஷம். கத்திரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தார். பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். அவர் கையை ஒரு தட்டுத் தட்டினாள். “நல்லா இருந்துச்சு,” என்று எழுந்து போனாள்.

அந்த ஒரு தட்டு போதாதா? ஐம்பது நிமிஷத்தில் விமர்சனம் தயார். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த பாராட்டு போதாது என்று எழுதினார். மற்ற விமர்சகர்கள் எல்லாரும் உயிர்நாடியைக் கோட்டை விட்டுவிட்டார்கள், அது எட்டாவது பாட்டு என்று எழுதினார். ‘மேம்போக்கான காதுக்கு அது தகர ஓசை, ஆழ்ந்த காதுக்கு அழுகை. பாட்டு நின்ற பிறகும் என் வீட்டில் ஒரு தலை ஆடிக்கொண்டிருந்தது’ என்று முடித்தார்.

ஆசிரியை போன் செய்தார். “சார், எட்டாவதா? அந்தப் பசங்களே அதுக்குப் பேட்டியில மன்னிப்புக் கேட்டிருக்காங்களே?”

“அவங்களுக்கு என்ன தெரியும்?”

“அப்போ அச்சுக்கு அனுப்பிடறேன். அப்புறம் மாத்த முடியாது.”

“அனுப்புங்க!”

நேராக மனைவியின் அறை வாசலில் போய் நின்று விமர்சனத்தைச் சத்தமாக வாசித்தார். எட்டாவது பாட்டு வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“எட்டுக்கா நான் அழுதேன்?”

“பின்ன? நான்தான் பக்கத்துலயே இருந்தேனே.”

அவள் மேஜையிலிருந்து இரண்டு சின்ன ரப்பர் உருண்டைகளை எடுத்துக் காட்டினாள். “இயர் பிளக். என் காதுக்கு நானே அச்செடுத்துச் செஞ்சது. சின்ன வேலை இருக்குன்னேனே, இதான்.”

கத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “அப்போ நீ எதையும் கேக்கவே இல்லையா?”

“முழுசாக் கேட்டேன். மனசுக்குள்ள. நம்ம பொண்ணு அனுப்பினா. மூணு வாரமா பஸ்ல போக வர இதேதான், மனப்பாடம். நீங்க போட்டதும் நானும் உள்ள போட்டுக்கிட்டேன். நடுவுல கொஞ்சம் நிதானமாப் போயிட்டேன் போல. நீங்க எட்டுக்கு வந்தப்போ நான் ஏழுல இருந்தேன்.”

“எனக்கு அவ அனுப்பலையே.”

“அனுப்பவான்னு கேட்டா. வேண்டாம்னு சொன்னது நான்தான்.” அவள் சிரிப்பு நின்றிருந்தது. “நீங்க ஒரு பாட்டைக் கேட்டு முடிச்சா, அதுல எங்களுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுங்க. இது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு.”

கத்திரி அந்த ரப்பர் உருண்டைகளைப் பார்த்தபடி கேட்டார். “அப்போ அந்த கிடார் கதை?”

“எந்த கிடார்?”

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்ன கதை. போய்ச் சேரவே இல்லை.

“ஆஸ்பத்திரிக்குச் சிலர் வருவாங்க,” என்றாள். “சத்தம் கேட்டா பொத்தானை அழுத்தணும். அவங்க சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அழுத்திடுவாங்க. காது நல்லாத்தான் இருக்கும். தப்பாயிடுமோன்னு ஒரு பயம், அவ்வளவுதான்.”

“அவங்களை என்ன பண்ணுவே?”

“பொத்தானை வாங்கி வெச்சுட்டு, சும்மா உக்காருங்கம்பேன்.”

“சரி, நீயே சொல்லு. இந்த ஆல்பத்துக்கு இத்தனை பாராட்டு தகுமா?”

“ஒரு தடவை கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.” அவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கத்திரி திரும்பி வந்து சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்தை ஏனோ காலியாகவே விட்டார். முதல் பாட்டிலிருந்து போட்டார். டிரம்காரன் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. கூட வருகிற யாருக்கோ நடையைக் குறைத்துக்கொண்டு நடந்தான். மூன்றாவது பாட்டு அநியாய நீளம். ஐந்தாவதின் வரிகள் சின்னப்பிள்ளைத்தனம். பாராட்டில் பாதி தகும் என்று தோன்றியது. பிறகு ஏழாவது வந்தது. ஒரே ஒரு குரல். ஷெட்டின் கூரையில் மழை. ஒருத்தன் இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி என்றது தப்பு. இதை இப்போதே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காலி ஓரத்தின் பக்கம் திரும்பினார். வாய் தானாகவே திறந்தது.

“இந்த இடத்துல பாரு...”

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

“வாயை மூடுங்க, ஏழாவது ஓடுது.”