பூக் கேட்ட காளிச்சாமி

"பெட்டி இருக்கற வரைக்கும் நாங்க தோட்டத்துக்குள்ள கால் வெக்க மாட்டமுங்ண்ணா" என்று சொல்லிவிட்டு மயிலாத்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளோடு பூப்பறிக்க வந்த பெண்களும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

காளிச்சாமி தன் தோட்டத்தைப் பார்த்தார். இரண்டு ஏக்கர் செண்டுமல்லி, ஓரமாகக் கொஞ்சம் வாடாமல்லி. கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்தில் இந்த வருஷம் அவருக்குப் பூத்த மாதிரி யாருக்கும் பூக்கவில்லை. அடுத்த வாரம் அத்தம் பிறக்கிறது. ஓணம் முடிகிற வரைக்கும் கேரளம் முழுக்க வாசலில் பூக்களம் போடுவார்கள். அதற்குள் பூ போய்ச் சேர்ந்தால் உண்டு. ஓணத்துக்கு மறுநாள் அதே பூவை மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

"சின்ன ஈதான மயிலாத்தா. நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"நேத்து நான் சும்மாத்தானுங்க இருந்தேன்" என்று மயிலாத்தா முந்தானையை விலக்கி வீங்கிய உதட்டைக் காட்டினாள்.

வேலியோரம் நிற்கும் ஆறு தேனீப் பெட்டிகளையும் தூக்கி யாருக்காவது கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதைச் சம்சாரத்திடம் சொல்வதுதான் காளிச்சாமியால் ஆகாத காரியம்.

மகள் யோகப்பிரியா கல்யாணமாகிப் பெங்களூர் போனதிலிருந்து சரஸ்வதியம்மாள் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காளிச்சாமிக்குப் பயமாகப் போய்விட்டது. விவசாய ஆபீஸான கிருஷிபவனில் தேனீ வளர்ப்புப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். போகமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று, தனக்கும் அதில் ரொம்ப நாளாக ஆசை என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்.

அவளும் போனாள், கற்றாள், பெட்டிகளோடு வந்தாள். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சி வைத்தாள். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு அடியில் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினாள். தினமும் விடிந்ததும் பெட்டிகளுக்கு முன்னால் கைகூப்பி நின்று என்னவோ முணுமுணுத்தாள். பெற்ற பிள்ளைகளிடம் பேசுவது போல இருந்தது.

காளிச்சாமிக்கோ ஈயைக் கண்டாலே ஆகாது. முதல் நாளே காதில் ஒரு கொட்டு வாங்கியவர், அப்புறம் பெட்டிப் பக்கம் வேலை வந்தால் மோட்டார் ரூமில் தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார். ஆனால் சம்சாரம் மறுபடி வாய் திறந்து பேசுகிறாளே! அதற்காக இன்னொரு காதையும் கொடுக்க அவர் தயார். ஓணத்துப் பூவைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

"ஈ எந்திரிக்கறதுக்கு முந்திப் பறிச்சரலாம்" என்று முதலில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

பெண்கள் இருட்டோடு வந்து பறித்தார்கள். ஒரு ஈகூட எழுந்திருக்கவில்லை. ஆனால் பூவெல்லாம் பனி ஈரம். ஈரத்தோடு சாக்கில் கட்டிய பூ, லாரி திருச்சூர் போய்ச் சேர்வதற்குள் வெந்துபோனது. மத்தியானம் வியாபாரி ஜிபி போன் செய்தான்.

"சேட்டா, நான் பூவுதான கேட்டேன்? நீங்க பாயசம் அனுப்பியிருக்கீங்க."

அடுத்த வழி, பெட்டிகளை இடம் மாற்றுவது. சாயங்காலம் ஈக்கள் அடைந்ததும் காளிச்சாமி தலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெட்டிகளின் வாசல் துவாரங்களை அடைத்தார். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தின் மறுகோடியில் தென்னைமரத்தடியில் வைத்தார்.

"அங்க நெழலா இருக்குமல்லோ, அதான்" என்றார் சம்சாரத்திடம்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள் சரஸ்வதியம்மாள்.

காலையில் துவாரத்தைத் திறந்ததும் ஈக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகப் பழைய இடத்துக்கே வந்தன. அங்கே பெட்டியைக் காணோம். சரி போகிறது என்று, அங்கே வரிசையாக வைத்திருந்த பூப்பறிக்கிற பெண்களின் சோற்றுத் தூக்குப்போசிகளில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்துகொண்டன. அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார்கள்.

"மூணடி நகத்தலாமுங்க. இல்லீனா ஊரு தாண்டிக் கொண்டுபோய் வெக்கோணும். நடுவால வெச்சா பழைய எடத்துக்குத்தான் வரும்" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன புள்ள?"

"ஆசையாத் தூக்கிட்டுப் போனீங்க. எதுக்குங்க குறுக்க பேசறதுன்னு விட்டுட்டனுங்க."

காளிச்சாமி பெட்டிகளைத் திரும்பத் தூக்கி வந்தார். இந்த முறை இடது காது.

அன்று சாயங்காலம்தான் அவருக்கு ஆத்தாள் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கெல்லாம் மாரியம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் வைப்பார்கள். வீட்டைச் சேராத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் இதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

"ஏம்புள்ள சரசு, பூப்பறிக்கிறவங்களும் வர மாட்டீங்கறாங்க. பெட்டி இருக்கட்டுமான்னு ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாமா? வெள்ளை வந்தா இருக்கட்டும். செவப்பு வந்தா எடுத்தரலாம்."

சரஸ்வதியம்மாள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கேட்ருங்க. வெள்ளிக்கிழமையே கேட்ருங்க. எடுத்துக் குடுக்க நம்ம ஆன்மேரியக் கூட்டியாரனுங்க" என்றாள்.

ஆன்மேரி இரண்டு வீடு தள்ளி இருப்பவள். வீடு வீடாகப் போய் நோய்நொடி விசாரித்து மாத்திரை கொடுக்கிற ஆஷா வர்க்கர்.

ஆத்தாளிடம் விட்டால் பாதிக்குப் பாதிதான். காளிச்சாமிக்கு முழுசாக வேண்டியிருந்தது. பொட்டலத்தைத் தானே மடிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் இரண்டிலும் செவ்வரளியையே வைத்து வாழைநாரால் கட்டினார். 'ஒரே ஒரு ஓணத்துக்குத்தான் ஆத்தா, பொறுத்துக்க' என்று வேண்டிக்கொண்டு, தேங்காய் பழத்தட்டில் பொட்டலங்களை வைத்துச் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவள் தட்டோடு முன்னால் நடந்துவிட்டாள்.

கோயிலில் நல்ல கூட்டம். மயிலாத்தா தன் ஆட்களோடு முன்வரிசையில் நின்றாள். பூசாரி பொங்கியண்ணன் சூடம் காட்டிவிட்டு, "ஆத்தா! காளிச்சாமி தோட்டத்துல தேனீப் பெட்டி இருக்கட்டுமா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு" என்று கத்தினார். ஆன்மேரி சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

பொங்கியண்ணன் நாரை அவிழ்த்தார்.

பளீரென்று வெள்ளை அரளி.

பெண்கள் குலவை போட்டார்கள். காளிச்சாமி எக்கி நின்று பூவைப் பார்த்தார். வைத்தது சிவப்பு, இரண்டும் சிவப்பு, அவர் கையாலேயே வைத்த சிவப்பு! ஏமாற்றப் பார்த்தவனை ஆத்தாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஆத்தா! என்னைய மன்னிச்சுரு! ஆறு என்ன ஆத்தா, இன்னும் ஆறு வெக்கறேன்! பன்னெண்டு வெக்கறேன்!"

சரஸ்வதியம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பாவம், அத்தனை சந்தோஷம் என்று காளிச்சாமி நினைத்துக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது.

மயிலாத்தா கோயிலிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். "ஆத்தா வெக்கச் சொன்ன ஈ எங்கள ஒண்ணும் பண்ணாதுங்ண்ணா" என்று திருநீற்றைப் பூசிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். ஒன்றிரண்டு பேருக்குக் கொட்டத்தான் செய்தது. ஆத்தாள் பிரசாதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தத்துக்குப் பூ போனது. ஓணத்துக்கு முந்தின நாள் உத்திராடத்துக்கும் போனது. பாயசப் பேச்சை ஜிபி மறந்துவிட்டான்.

ஓணம் முடிந்த மறுநாள் காளிச்சாமி வாசலில் நின்று, பெட்டி செய்து கொடுப்பவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஈயைப் பார்த்தால் இப்போதும் பயம்தான். ஆனால் அது மரியாதை கலந்த பயமாகிவிட்டது.

"ஆமாங்க, ஆறு பெட்டி. ஈயோடதானுங்க. இந்த வாரமே வேணும், வேண்டுதலுங்க."

மருந்துப் பையோடு வாசலில் நுழைந்த ஆன்மேரி அப்படியே நின்றுவிட்டாள்.

"இனியும் ஆறு பெட்டியா? சேட்டா, அது வேண்டாம். ஈச்ச கொட்டினா சேச்சிக்கு ஆகாது. கை வீங்கி வீங்கி எத்தன மாத்திரை குடுத்துட்டேன்! பெட்டியக் கண்டாலே பேடிச்சு நடுங்குறாங்க."

"சரசுவா? நடுங்கறாளா?" காளிச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்பறம் எதுக்கும்மா அந்தப் பாடு பட்டு வெச்சுக்கிட்டிருக்கா?"

ஆன்மேரி ஒருமுறை சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னதாச் சொல்லாதீங்க. சேட்டன் ஆசப்பட்டு வளக்குற ஈச்ச போயிரக் கூடாதுன்னு, அன்னிக்கு என்ட வீட்டுல பூப் பறிச்சு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சது சேச்சிதான்!"