போதும் அண்ணாச்சியின் மூன்று ஓவர்

சொந்த டீம் பௌலர் விக்கெட் எடுத்தால் முகம் வாடிப்போகிற மேனேஜரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்திருக்கிறோம். சிவகாசி வட்டாரத்திலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே அப்படி ஒரே ஒரு ஆள்தான். ‘போதும்’ அண்ணாச்சி.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு அவர் போர்மேன். அளவுக்கு மேல் ஒரு பிடி சேர்ந்தாலும் வாசலில் நின்று “போதும்!” என்பார். அதற்குப் பிறகு முதலாளியே வந்தாலும் வேலை நடக்காது. எங்கள் கிரிக்கெட் டீமை முதலாளி இவர் தலையில் கட்டியபோது அந்தச் சட்டமும் கூடவே மைதானத்துக்கு வந்துவிட்டது. மனிதர் ஆயுளில் ஒரு பந்து போட்டதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் காளிராஜ் வந்து சேர்ந்தான். பாலிடெக்னிக் படிக்கிற ஒல்லிப் பயல். அவன் வேகம் என்னவென்று கீப்பரும் கேப்டனுமான என் உள்ளங்கையைக் கேட்டால் சொல்லும். மேட்ச் விதிப்படி ஒருவர் நாலு ஓவர் போடலாம். அண்ணாச்சி விதிப்படி மூன்று. விக்கெட் விழுந்தால் நான் நாலாவது ஓவர் கேட்பேனே என்றுதான் அவர் முகம் வாடும்.

“நல்லா விழுதே அண்ணாச்சி, இன்னொரு ஓவர் போடட்டுமே?” என்பேன்.

“நல்லா வருதேன்னு மருந்தை அள்ளி அள்ளிக் கலப்பீகளா? வளர்ற எலும்புய்யா. பேசாம அங்கன போய் நில்லுங்க.”

மேட்சோடு விட்டாரா? பயல் புளியங்காய்க்குக் கல் எறிந்ததைப் பார்த்துவிட்டு அந்த வாரம் ஒரு ஓவரைக் குறைத்தார். காளிராஜ் மட்டும் லேசுப்பட்டவனா? வீட்டில் குடம் தூக்கச் சொன்னால், “கையை அசைக்கக் கூடாதுன்னு போர்மேன் சொல்லிட்டாரும்மா” என்று படுத்துக்கொண்டான். அவன் அம்மா கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏன் போர்மேனே, எம்புள்ள சோத்தையாவது பிசைஞ்சு திங்கலாமா, இல்ல நான் ஊட்டி விடணுமா?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், “திங்கலாம்” என்றார்.

ஒருமுறை ஏழாயிரம்பண்ணை டீம் பிரியாணி ஆசை காட்டி அவனை எங்களுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போனது. மோப்பம் பிடித்த அண்ணாச்சி, மொபெட்டை நேராக பிட்ச்சுக்கே விட்டார்.

“யாருய்யா நீ?” என்றார் அம்பயர்.

“அவன் தோளுக்குப் போர்மேன்.”

பிரியாணியையாவது சாப்பிட்டு வருகிறேனே என்று பயல் கெஞ்சினான். அதற்கு அனுமதி கிடைத்தது. அண்ணாச்சியும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு வந்தது நாரணாபுரம் டீமோடு ஃபைனல். மறு ஞாயிறு விருதுநகரில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். காளிராஜுக்கு ராத்திரி பகலாக அதே நினைப்பு. எங்களுக்கோ கோப்பை நினைப்பு. கடைசி ஓவர், அவர்களுக்கு ஆறு ரன் வேண்டும், எங்களுக்கு ஒரே ஒரு விக்கெட். மூன்று ஓவர் முடித்திருந்த காளிராஜிடம் பந்தை நீட்டினேன்.

“போதும்!”

முதலாளியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “யோவ் போர்மேன், நான் சொல்லுதேன். பந்தைக் குடுக்கச் சொல்லுய்யா.”

அண்ணாச்சிக்கு வேலை போச்சு என்றே நினைத்தோம். அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மொதலாளி, மருந்து ரூம்ல நான் போதும்னா நிறுத்திருவீகள்ல? அதே வாய்தான் இங்கனயும் சொல்லுது. அடுத்த ஞாயித்துக்கெளமை இவனுக்கு இந்தத் தோளு வேணும்.”

முதலாளி உட்கார்ந்துவிட்டார். வேறு பௌலர் மிச்சமில்லை. கேப்டனாகப் பிறந்த பாவத்துக்கு நானே பேடைக் கழற்றிவிட்டுப் பந்து போட்டேன். மூன்றாவது பந்து பக்கத்துக் கம்பெனி காம்பவுண்டுக்குள் போய் விழுந்தது. பந்தும் வரவில்லை, கோப்பையும் வரவில்லை. திரும்பும்போது வேனில் அண்ணாச்சி பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. காளிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் அவர்மேல் எரிச்சலான எரிச்சல்.

மறு ஞாயிறு நானும் அவரும் டீக்கடையில் இருந்தபோது விருதுநகரிலிருந்து காளிராஜின் போன் வந்தது.

“அண்ணாச்சி, என்னை எடுத்துட்டாக! மத்த பயலுக எல்லாம் தோள்ல தைலத்தோட வந்திருந்தாக!”

“எத்தனை ஓவர் போட்டலே?”

“அஞ்சு.”

“அஞ்சா! கூறு இருக்காலே உனக்கு? நாளைக்குக் குடத்தைத் தொட்டேன்னா பாரு!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு கடை முழுக்க டீ சொன்னார்.

பயிற்சி முகாமுக்காகக் காளிராஜ் சென்னைக்குக் கிளம்பிய அன்று எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பயல் பையைத் தூக்கப் போனான். “அந்தக் கையில தூக்காதலே” என்று பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார் அண்ணாச்சி. பஸ் கிளம்பியது. காளிராஜ் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி ஆட்டினான், ஆட்டினான், பஸ் ரோட்டில் திரும்பி மறைகிறவரை ஆட்டிக்கொண்டே போனான்.

அண்ணாச்சி போதும் என்று சொல்லவே இல்லை.