மற்றப்பக்கம் ஐயாவின் வீட்டு வழக்கு

தோசையைக்கூட மறுபக்கம் புரட்டிப் பார்க்காமல் வாயில் வைக்காத மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர்தான். எங்கள் சண்டிலிப்பாய் ஒழுங்கையில், என் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் ‘மற்றப்பக்கம் ஐயா’ என்று கேட்டால்தான் ஒழுங்கையில் வீட்டைக் காட்டுவார்கள்.

யார் எந்த முறைப்பாட்டோடு போனாலும் ஐயா கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்பார். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தியதும் கண்ணைத் திறப்பார்.

“சரி. மற்றப் பக்கம் என்ன சொல்லுது?”

மழை வெள்ளத்தில் மிளகாய்க் கன்று அழுகிவிட்டது என்று போனாலும் அதே கேள்விதான். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்க அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நடுவர் விரலைத் தூக்கியதும் ஐயா கதிரையை விட்டு எழும்பிவிடுவார். “அடிச்ச பெடியனை ஒரு வார்த்தை கேட்டவையோ? கேக்காமல் என்னெண்டு அனுப்புவினம்?” என்று பெட்டியைப் பார்த்துச் சத்தம் போடுவார்.

என் நாய் பாண்காரரைக் கடித்த அன்று வழக்கு ஐயாவிடம் போனது. பாண்காரர் ஓட்டோவில் பாட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் பேக்கரிப் பாண் விற்கிறவர்.

“ஐயா, இவரின்ரை நாய் என்னைக் கடிச்சுப் போட்டுது!”

“கடிச்சது தெரியுது. ஏன் கடிச்சது?”

“அதை நாயிட்டைத்தான் கேக்கோணும்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். நாயைக் கொண்டு வாங்கோ.”

நாயைக் கொண்டுபோனேன். ஓட்டோப் பாட்டைப் போடச் சொன்னார் ஐயா. பாட்டுத் தொடங்கியதும் நாய் தலையை வானத்துக்குத் தூக்கி, செத்த வீட்டில் அழுவதுபோல ஊளையிட்டது.

“பாத்தியளோ? மற்றப் பக்கத்துக்கும் ஒரு முறைப்பாடு இருக்கு.”

“ஐயா, கடி வாங்கினது நான்!”

“உமக்கு ஆஸ்பத்திரியிலை ஊசி இருக்கு. அதின்ரை காதுக்கு என்ன இருக்கு?”

என் வீட்டு வாசல் படலையடியில் பாட்டை நிறுத்த வேண்டும். பாண் வரும் நேரத்தில் நான் நாயைக் கட்ட வேண்டும். பாண்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் நான்தான். இது கட்டளை. பாண்காரர் வழியெல்லாம் புறுபுறுத்தார். ஆனால் பாட்டில்லாமல் வந்து நாய்க்கு ஒரு துண்டு பணிஸ் போடத் தொடங்கினார். இன்றைக்கு அந்த நாய் அவருக்குத்தான் வாலாட்டுகிறது. என்னைக் கண்டால் ஏதோ வாடகைக்கு இருக்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது.

ஐயாவின் மனைவி ராணி அக்காவுக்கு மட்டும் இந்த விசாரணைகளைக் கண்ணில் காட்டக் கூடாது. கறியில் உப்பில்லை என்று ஐயா ஒருநாளும் சொன்னதில்லை. “உப்பு விடாததுக்கு ஏதும் காரணம் இருக்கோ?” என்றுதான் கேட்பார்.

“ஓம், இருக்கு. கோட்டிலை கேள்வி கேட்டுக் காணாதெண்டு குசினிக்கும் வாறியளே, அதுதான் காரணம்” என்று ராணி அக்கா அகப்பையோடு வருவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். வழக்கமாகக் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்கிறவர், அன்றைக்கு நேராகச் சொன்னார்.

“அப்பு, என்ரை தகப்பன், போயிலைத் தோட்டக்காரன். பங்குக் கிணத்திலை தண்ணி இறைக்கிற முறையிலை பிரச்சினை வந்து கோட்டுக்குப் போனவர். நானும் கூடப் போனனான். நீதவானும் சட்டத்தரணிமாரும் தங்களுக்குள்ளை இங்கிலிசிலை கதைச்சினம். அப்புவை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. வெளியிலை வந்த பிறகு, ‘மோனை, முடிஞ்சுதோ?’ எண்டு என்னட்டைக் கேட்டார். தண்ணி முறை பறிபோனது கூட அந்தாளுக்குத் தெரியாது.”

கோப்பையைக் கீழே வைத்தார். “முழு ராத்திரியும் யோசிச்சு வைச்சிருந்தவர், என்ன சொல்லுறதெண்டு. ஒரு வசனமும் சொல்லாமலே செத்துப் போனார் ஐசே.”

அதற்குப் பிறகு அவருடைய கேள்வியை நான் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்தவில்லை.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு வந்தது.

ஐயாவின் ஒரே மகள் யாழினி, பண்டத்தரிப்பில் கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பம்பியைத் திருத்தக் குருநகரிலிருந்து அன்ரன் என்று ஒரு பிள்ளை வந்தான். படகு எஞ்சின் திருத்துகிறவன், பழுதான எதையும் விடமாட்டான். பம்பி திருந்தியது. அன்ரன் பிறகும் வந்தான். யாழினி வீட்டில் வந்து, கட்டினால் அன்ரனைத்தான் கட்டுவேன் என்றாள்.

ராணி அக்கா குசினியைப் பூட்டினார். “வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போறவன். கடற்கரைப் பெடியன். சொந்தக்காரருக்கு நான் என்ன சொல்லுறது?” என்று அழுதார். தாயும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். ஐயா பாண்காரரின் தயவில் உயிர் வாழ்ந்தார்.

ஒரு பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

“ஐசே, நான் இந்த வழக்கிலை இருந்து விலகுறன். பெண்ணின்ரை தகப்பன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீர்தான் விசாரிக்கோணும்.”

“நானோ? எனக்குச் சட்டம் தெரியாது ஐயா.”

“சட்டம் தெரிஞ்சவை நிறையப் பேர் இருக்கினம். நீர் கிழமைக்குக் கிழமை பத்திரிகையிலை எழுதுறனீர். ஒண்டிலையும் உறுதியா ஒரு முடிவு சொன்னதை நான் வாசிக்கேல்லை. உம்மளவு நடுநிலைமை இந்த ஒழுங்கையிலை ஆருக்கும் இல்லை.”

அது பாராட்டா, ஏச்சா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு காலை அவர் வீட்டு விறாந்தையில் விசாரணை. என்னைத் தன் பெரிய கதிரையில் இருத்திவிட்டு, ஐயா சுவரோரத்து மர வாங்கில் போய் ஒடுங்கி இருந்தார். மற்றப் பக்கம் இல்லாமல் விசாரணை இல்லை என்று குருநகருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அன்ரனும் அவன் தாய் றோசம்மாவும் வந்திருந்தார்கள். றோசம்மா கையில் செபமாலை, முகத்தில் சூறாவளி.

யாழினி பேசினாள். ராணி அக்கா பேசினார். நான் தலையை ஆட்டினேன். அடுத்து றோசம்மா பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்றேன்.

“எனக்கும் துண்டா, ஒரு துளியும் விருப்பமில்லை” என்றார் றோசம்மா. “நாங்கள் கோயில் கோயிலா நேர்த்தி வைச்சுப் பெத்த பிள்ளை. எங்கடை சனம் ஓம் படாது.”

ராணி அக்கா நிமிர்ந்தார். தன்னோடு உடன்படுகிற ஒரு மனிதப்பிறவியைப் பல நாளுக்குப் பிறகு கண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. “அப்பிடிச் சொல்லுங்கோ அக்கா!” என்றார்.

கடைசியாக ஐயாவைப் பார்த்தேன். “நீங்கள் நீதிபதி இல்லையெண்டால் சாட்சி. உங்கடை பக்கம் என்ன?”

ஐயா எழுந்து நின்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அப்படி நிற்கவைத்தவர்.

“சட்டச் சோதினையிலை நான் திரும்பத் திரும்பத் தவறினனான். அப்புவும் இல்லை. இடம்பெயர்ந்து வேறை ஆக்களின்ரை வீட்டிலை இருந்து படிச்சனான். ராணியின்ரை ஆக்கள், ‘உவன் உருப்படான், கலியாணத்தை நிப்பாட்டுவம்’ எண்டவை. இவ ஒரு ஆள்தான் மாட்டன் எண்டு நிண்டவ. ஊர் முழுக்க எதிர்த்துக் கதைக்கேக்கை எனக்காக நிண்ட பெண் இவ. அந்தக் குணத்தோடைதான் மகளும் இப்ப நிக்கிறாள். இதிலை நான் ஆருக்கு எதிராச் சாட்சி சொல்ல?”

சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிட்டார். எல்லாருடைய பக்கத்தையும் கேட்ட மனிதருக்குத் தனக்கென்று எடுக்க ஒரு பக்கம் இருக்கவில்லை. ராணி அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் என்ன செய்வேன்? “வழக்கு ஒத்திவைக்கப்பட்டு அடுத்த மாதத்துக்குத் தவணை போடப்படுகிறது” என்றேன். ஐயா என்னைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் அந்தத் தவணைதான் வேலை செய்தது. கலியாணத்தை எப்படி நிறுத்துவது என்று ஆலோசிக்க இரண்டு தாய்மாரும் அன்றைக்கே தொலைபேசி இலக்கத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். தினமும் பேசினார்கள். முதலில் சதி. பிறகு முழங்கால் நோவு. பிறகு கணவன்மார். றோசம்மாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்று தெரிந்த நாளில் ராணி அக்கா சாப்பிடவில்லை. அடுத்த நாள் குசினியைத் திறந்து, பலகாரம் சுட்டு, பஸ் பிடித்துக் குருநகருக்குத் தானே கொண்டுபோனார்.

தவணை நாளில் இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள்.

“தம்பி, நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம்” என்றார் ராணி அக்கா. “கலியாணம் நடக்கட்டும். உந்தப் பிள்ளையளுக்காக இல்லை. ஆளையாள் விட்டிட்டு எங்களாலை இருக்கேலாது.”

“சனம்?” என்றேன்.

“சனத்துக்கு என்ன, நாலு நாள் கதைக்கும்” என்றார் றோசம்மா.

கலியாணம் பிள்ளையார் கோயிலிலும் நடந்தது, குருநகர்த் தேவாலயத்திலும் நடந்தது. ஐயா இரண்டு இடத்திலும் முன்வரிசையில் நின்று ஒரே அளவு அழுதார். பேரப்பிள்ளை பிறந்த பிறகு அவரும் ராணி அக்காவும் மகளோடு இருக்கக் குருநகருக்குப் போய்விட்டார்கள். எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இப்போதும் சண்டை வருகிறது. இரண்டு பேர் சத்தம் போடுகிறார்கள், பெரிய சத்தம் போட்டவர் வெல்கிறார், அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை.