தனிப் பயணத்துக்கு எட்டுப் பேர்

ஓய்வு என்ற ஒன்றை உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அதற்கென ஒரு பிரிவு தொடங்கி, அதிகாரி நியமித்து, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, ஓய்வெடுக்கிறவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் அளவுக்கு அதை முறைப்படுத்திய பெருமை அந்தச் சோப்புத் தொழிற்சாலையையே சேரும்.

அங்கே மூச்சண்ணன் என்று ஒருவர் இருந்தார். சோப்புக்கு எண்ணெய் தேக்கும் தொட்டிகளுக்குள் இறங்கி, அடியில் படிந்த கசடை வழித்தெடுப்பது அவர் வேலை. உள்ளே காற்று நஞ்சு. அதனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவார். மறுநுனி மேலே நிற்கும் மச்சான் கையில் இருக்கும். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஒரு இழுப்பு இழுத்தால் 'இருக்கிறேன்' என்று பொருள். இரண்டு இழுத்தால் 'தூக்கு'. மாமனார் வீட்டாரிடம் குடுமியைக் கொடுத்தவர்கள் உலகில் பலருண்டு. உயிரையே கொடுத்து வைத்திருந்தவர் மூச்சண்ணன் ஒருவர்தான்.

இப்படியிருக்கையில் தொழிற்சாலையில் 'மனமகிழ்ச்சிப் பிரிவு' உதயமாயிற்று. அதன் அதிகாரி எல்லோரையும் கிடங்கில் உட்காரவைத்து, கண்களை மூடி இனிமையானதை நினைக்கச் சொன்னார். மற்றவர்கள் நினைத்தார்கள். மூச்சண்ணன் குறட்டை விட்டார். இவ்வளவு ஆழமான அமைதியை யாரிடமும் கண்டதில்லை என்று அதிகாரி கண்கலங்கி, தொழிற்சாலையின் முதல் 'நிம்மதியான தனிப் பயண'த்தை, அதுவும் ஐரோப்பாவுக்கு, அவருக்கே அறிவித்துவிட்டார்.

"என்னென்ன பார்க்க ஆசைப்படறீங்க? கோபுரமா, அரண்மனையா, அருங்காட்சியகமா?" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

"ஒரு ஆறு. கரையில ஒரு நாற்காலி. அதுல நான்."

"சரி. அப்புறம்?"

"அலுத்துப்போச்சுன்னா மெதுவா போற ரயில்ல ஏறி அடுத்த ஊரு. அங்க ஒரு ஆறு, ஒரு நாற்காலி. பக்கத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. எவனும் என்னை இழுத்துப் பார்த்து இருக்கியா இருக்கியான்னு கேக்கக் கூடாது."

"இதை நான் அறிக்கையில எப்படிங்க எழுதறது?" என்று அதிகாரி பேனாவை மூடினார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மனைவிக்கு அளவற்ற மகிழ்ச்சி.

"நீங்க தனியா போறீங்க, அவ்வளவுதானே? போயிட்டு வாங்க. யார் யார் போறீங்க?"

"நான்தான்டி. தனியா."

"அது புரியுது. கூட யாருன்னு கேக்கறேன்."

"கூட யாரும் இல்லாம போறதுக்குப் பேருதான் தனியா."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "துவைச்ச சட்டை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்த வீட்டுல இத்தனை வருஷமா அது ஒரே இடத்துலதான் இருக்கு. என்னைக் கூப்பிடாம எடுத்ததில்ல. நீங்க போய் ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கப் போறீங்களா? தம்பியைக் கூட்டிட்டுப் போங்க."

"உன் தம்பி வந்தா அது தொட்டி. ஆறு இல்ல."

இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டுகள் சத்தமாக வைக்கப்பட்டன.

மூன்றாம் நாள் திட்டக்குழு கூடியது. மேலாளர் தலைமை வகித்தார். அதிகாரி திட்டத்தை வாசித்தார்: "காலை, நோக்கமின்றி நடத்தல். வருகைப் பதிவு கட்டாயம். முற்பகல், ஆற்றை வெறித்தல். பிற்பகல், கவலையை விடுதல். விட்டதற்குப் புகைப்படச் சான்று இணைக்கப்பட வேண்டும். மாலை, தன்னிச்சையான மகிழ்ச்சி. இது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டுள்ளது."

மூச்சண்ணன் தலையைச் சொறிந்தார். "இதுக்குத் தொட்டியே தேவலைங்க."

அப்போதுதான் மச்சான் எழுந்தான். அக்காவின் ஆசியோடு வந்திருந்தான். "ஐயா, நம்ம கம்பெனியில கயிறு இல்லாம யாரும் இறங்கக் கூடாதுன்னு விதி. மாமா ஐரோப்பாவுல இறங்கறப்போ கயிறு யாரு பிடிக்கறது?"

கூட்டம் ஸ்தம்பித்தது. இத்தனை பெரிய ஓட்டையை யாரும் கவனிக்கவில்லையே! பாதுகாப்பில் சமரசம் கிடையாது என்று மேலாளர் மேசையைத் தட்டினார். கயிறு பிடிக்க மச்சான் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். ஆனால் மச்சானும் அந்நிய மண்ணில் இறங்குகிறவன் அல்லவா? அவன் கயிற்றைப் பிடிக்க அதிகாரி முன்வந்தார். அதிகாரியின் கயிற்றைப் பிடிக்கக் கணக்காளர் தியாகம் செய்தார். கணக்காளருக்குக் காவலாளி, காவலாளிக்குத் தரப் பரிசோதகர் என்று தியாகம் மேசையைச் சுற்றி வந்து, கடைசியில் மேலாளரிடம் நின்றது. "ஐரோப்பான்னா எனக்கு ஒத்துக்காது. இருந்தாலும் கடமைன்னு வந்துட்டா என்ன செய்யறது?" என்றார் அவர், ஏற்கனவே வாங்கியிருந்த குளிர்க்கோட்டைத் தடவியபடி.

மூச்சண்ணனோடு சேர்த்து ஒன்பது பேர். விமானத்திலோ எட்டு இருக்கைகள்தாம் மிச்சம். குழு நெடுநேரம் சிந்தித்தது. ஒவ்வொருவரையும் நீக்கிப் பார்த்தது. மச்சானை நீக்கினால் மூச்சண்ணனின் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. அதிகாரியை நீக்கினால் மச்சானின் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. யாருடைய கயிற்றையும் பிடிக்காத ஒரே ஆள் மூச்சண்ணன்தான். அவரை எடுத்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லாமல் திட்டம் கச்சிதமாக நின்றது.

"அதோட பெரிய தொட்டியில வேற கசடு ஏறிப்போச்சு," என்றார் மேலாளர் இரக்கத்தோடு. "உனக்குப் பதிலா நாங்க ஓய்வெடுத்துட்டு வர்றோம். கவலைப்படாதே, ஒரு குறையும் வைக்க மாட்டோம்."

"ஐயா, அது என் நாற்காலிங்க."

"நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. பத்திரமா உக்காருவோம்."

தனிப் பயணக் குழு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வரிசையாகப் புறப்பட்டது. முதல் ஊர் ரயில் நிலையத்தில் நால்வர் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. மற்ற நால்வர் நடைமேடையில் நின்றார்கள். கயிறு கதவிடுக்கில் சிக்கி ரயில் கிளம்ப முடியவில்லை. அதன் பின்னால் வந்த ரயில்களும் கிளம்ப முடியவில்லை. அன்று அந்த நாடு முழுவதுமே ஓய்வாக இருந்தது என்று அதிகாரி தன் அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டார்.

இங்கே பெரிய தொட்டியின் வாயருகே மூச்சண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி அடித்தது. திரையில் ஒரு ஆறு, கரையில் எட்டு நாற்காலிகள், எட்டிலும் கோட்டுகள், கோட்டுகளின் மேல் கயிறு. ஓரத்தில் மச்சான் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான்.

"எப்படி மாமா இருக்கீங்க? காப்பி ரொம்பக் கசப்பு. உங்களுக்குப் பிடிச்சிருக்காது."

மேலாளர் கைப்பேசியை வாங்கினார். "கசடு எடுத்தாச்சா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"கயிறு பிடிக்க ஆளில்ல. பிடிக்கறவன் உங்க பக்கத்துல காப்பி குடிக்கறான்."

"அட, ஒரு தடவைதானே? தனியா இறங்கிடேன். நீதானே தனியா இருக்கணும், தனியா இருக்கணும்னு உயிரை விட்டே?"

மூச்சண்ணன் திரையை முகத்தருகே கொண்டுவந்து, எட்டு இடுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முடிச்சுகள் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். மச்சான் வேலை.

"ஐயா, ஒரு சந்தேகம். ஆத்தங்கரையில உக்கார்ந்திருக்கற எட்டுப் பேருக்கும் கயிறு. விஷக் காத்துல இறங்கற எனக்குக் கயிறு வேண்டாம். அப்போ நம்ம கம்பெனியில உயிர் போற வேலைன்னா அது காப்பி குடிக்கறதுதானா?"

ஓய்வின்போது பணி குறித்துப் பேசுவது விதிக்குப் புறம்பானது என்பதால், இணைப்பு உடனே துண்டிக்கப்பட்டது. மூச்சண்ணன் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை.