மச்சான் சுட்ட ரொட்டி

எங்கள் ஊர் பெரியபட்டினத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பார்க்க வருகிறவர்கள் கையில் ரொட்டிப் பாக்கெட் இருக்கும். வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை. காய்ச்சலுக்கு ரொட்டி, ரொட்டிக்குப் பால். யார் போட்ட சட்டமோ தெரியாது. என் மகள் சல்மா காய்ச்சலில் படுத்தபோது தெருவே வந்தது. ரொட்டியும் வந்தது. மேசை மேல் அடுக்கியதில் சின்னதாக ஒரு மதில் எழும்பிவிட்டது.

அதில் ஒரு துண்டுகூட அவள் வாயில் படக் கூடாது.

சல்மாவுக்குக் கோதுமை ஆகாது. மதுரை டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். கோதுமைக்குள் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது உள்ளே போனால் பிள்ளைக்கு வயிறு உப்பும், பேதியாகும், உடம்பு உருகிவிடும். மைதா, ரவை, பரோட்டா, பிஸ்கட் எல்லாம் வாசலுக்கு வெளியே. பெருங்காயத்தில்கூட மைதா சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் ரசத்தையே சந்தேகப்படுகிறேன். நான் அப்படித்தான். மழை வந்தால் கூரையை நினைத்துக் கவலை. வெயில் வந்தால் கிணற்றை நினைத்துக் கவலை. இரண்டும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கவலை.

சல்மா ஒரு பாக்கெட்டை எடுத்தாள். பிரிக்கவில்லை. மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"உம்மா, மோந்து பாத்தா ஒண்ணும் செய்யாதுல்ல?"

"செய்யாதுடா தங்கம்."

அப்படியே தூங்கிப்போனாள். தூக்கத்தில் அவள் வாய் மெல்ல மெல்ல அசைந்தது. எதையோ தின்றுகொண்டிருந்தாள். கனவில் கோதுமை ஒன்றும் செய்யாது போலிருக்கிறது. ஜன்னல் வழியே கடல் காற்று வந்து அவள் முடியை விலக்கிவிட்டுப் போனது. நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசற்படியில் நின்று என் வீட்டுக்காரர் மதாரும் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை துடித்தது. நெஞ்சில் கையை வைத்தார்.

"ஏ புள்ள மஜீதா! பன்னெண்டு வருசம் கத்தார்ல பேக்கரியில இருந்தவன் நான். என் மவளுக்கு ரொட்டி இல்லையா? நானே சுட்டுத் தாரேன்!"

"கோதுமை இல்லாமயா மச்சான்?"

"கோதுமை இல்லாம, மைதா இல்லாம, நீயும் இல்லாம! நான் சுடுற நேரம் அடுப்படிப் பக்கம் வந்துராத. தொழில் ரகசியம்."

பேக்கரியில் இருந்தது உண்மை. அங்கே அவர் ஓட்டியது ரொட்டி வேன். மாவு பிசைகிறவர்களோடு கைகுலுக்கியபோது ஒட்டியது தவிர, மாவு அவர் கையில் பட்டதே இல்லை. ஊருக்கு வந்தபிறகு மீன் வண்டி ஓட்டுகிறார். ஆனாலும் டீக்கடையில் அவர் பெயர் 'பேக்கரி மாஸ்டர்'. நான் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. புருசன் மானம் வீட்டு ஓடு மாதிரி. ஒன்றை நகர்த்தினால் நம் தலையில்தான் ஒழுகும்.

யாரிடமோ சொல்லி ஒரு ஓவன் வாங்கி வந்தார். ஒரு வியாழக்கிழமை, "ஈஸ்ட் வாங்கப் போறேன்" என்று ராமநாதபுரத்துக்கு வண்டியை எடுத்தார். பையோடு திரும்பினார். அடுப்படிக் கதவைச் சாத்தினார். உள்ளே பாத்திரம் உருண்டது. கரண்டி விழுந்தது. யாரோ இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. கதவு திறந்தபோது அவர் முகமெல்லாம் மாவு, கையில் தட்டு, தட்டில் ரொட்டி.

வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி ரொட்டி. சல்மா ஒரு துண்டைப் பாலில் நனைத்து வாயில் வைத்தாள். கண் தானாக மூடியது. வெயிலில் மிதக்கிற தூசுகூட அப்படியே நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

பிறகுதான் அந்தத் துண்டுகளைக் கவனித்தேன். எல்லாம் ஒரே கனம். நூல் பிடித்த மாதிரி.

"மச்சான், துண்டு துண்டாவே வெந்திருக்கே?"

"அது... பாரின் ஓவன் அப்படித்தான்."

"ஓவனுக்குள்ள கத்தி இருக்கா?"

"சூட்டுல தானாப் பிரியும் புள்ள. ஒனக்கு வெளங்காது."

எனக்கு விளங்காததால் குப்பைக்கூடையைப் பார்த்தேன். மதுரையில் கோதுமை இல்லாத பண்டம் விற்கிற ஒரு கடையின் கவர், பஸ் பார்சல் சீட்டோடு கசங்கிக் கிடந்தது. கடைக்காரர் வியாழன்தோறும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார். இவர் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்கிறார். தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை சாப்பிட்டாளே. பெற்றவன் சுட்டால் என்ன, பஸ் சுட்டால் என்ன? ஆனால் புதுக்கவலை பிடித்துக்கொண்டது. பஸ் வராவிட்டால்?

வரவில்லை. புயல் எச்சரிக்கை, மழை, ரோட்டில் மரம் என்று இரண்டு வியாழன் போயிற்று. சல்மா பால் டம்ளரோடு அடுப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாலில் ஆடை கட்டியது.

"வாப்பா, ரொட்டி?"

"இன்னைக்கு ஈஸ்ட்டுக்கு மனசு சரியில்லம்மா."

அன்றைக்கு நானே சுடுவது என்று முடிவு செய்தேன். அவர் மீன் ஏற்றப் போகிற நேரத்தில் போனில் வீடியோ பார்த்தேன். பச்சரிசி மாவு இருந்தது. ஜவ்வரிசியை அரைத்துக்கொண்டேன். மாவைச் சேர்த்துப் பிடிக்க இசப்கோல் வேண்டுமாம், மலச்சிக்கலுக்குக் குடிக்கிறோமே, அதே உமி. மருந்துக்கடைக்குப் போனேன்.

"யாருக்கும்மா?"

"ரொட்டிக்கு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முதல் ரொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை. ஆட்டுக்குப் போட்டேன். ஆடு மோந்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி கையை நக்கியது. அடுத்தது ஓவனில் எழும்பி, வெளியே வந்ததும் மயங்கி விழுந்தது. எத்தனை படி மாவு வீணாயிற்றோ. பிறகு ஒரு மத்தியானம் ஈரத்துணிக்கடியில் மாவு மெல்லப் பொங்குவதைப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. தொட்டால் எழுந்துவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடல் அலையில்லாமல் கிடந்தது. எனக்கும் கண் சொக்கியது. அந்த ரொட்டி சரியாக வந்தது.

சந்தோசம் அரை மணி நேரம் நின்றது. அடுத்த கவலை வந்தது. இது எனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால், பார்க்க வருகிறவர்கள் கோதுமை ரொட்டி கொண்டுவருவார்கள். சல்மாவுக்கு யார் சுடுவது? இந்த மனுசனும் படிக்க வேண்டும். ஆனால் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மாஸ்டருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பக்கத்து வீட்டு லத்தீபா லாத்தாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். லாத்தாவிடம் சொன்னால் பள்ளிவாசல் மைக்கில் சொன்ன மாதிரி. மாலையில் மச்சான் குதித்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு நான் எல்லாருக்கும் முன்னால ரொட்டி சுடுறேனாம்! யாரு சொன்னது?"

"பெருமையில வாய் தவறிருச்சு மச்சான். வேணாம்னு சொல்லிரவா? மாஸ்டருக்கு ஒடம்பு சரியில்லைன்னு?"

மீசையைத் தடவினார். "வேணாம். சுடுவோம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை முற்றம் நிறையப் பெண்கள். சாமான்களை நான் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். மச்சான் இடுப்பில் துண்டைக் கட்டி நின்றார். தொழுதுவிட்டு வந்த முகத்தில் மறுபடியும் துஆ ஓடியது. சல்மா முன்வரிசையில் பால் டம்ளரோடு. நான் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் வேலையை ஆரம்பித்தேன்.

"மச்சான், வெதுவெதுப்பான தண்ணியில சீனியும் ஈஸ்ட்டும் போட மறந்துருவீகளோன்னு எனக்குக் கவலையா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக நான் சொன்னதை அவர் முழுசாகக் கேட்டார்.

"மறப்பனா?" போட்டார்.

"நொர வர்றதுக்கு முன்னாடி மாவுல ஊத்திருவீகளோ?"

"யாரு, நானா?" ஊற்றப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"அந்த மருந்துக்கடை டப்பாவுல உள்ளதத் தனியாத் தண்ணியில ஊறப்போடாம விட்டுட்டா, ரொட்டி உதுந்து போயிருமே!"

லத்தீபா லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி மஜீதா, மனுசனப் போட்டு இப்படிப் பிடுங்குற? பன்னெண்டு வருசம் செஞ்ச கைடி அது!"

"என்ன செய்ய லாத்தா, என் மனசு அப்படி. எதுக்கெடுத்தாலும் பயம்."

மச்சான் மாவைக் கலக்குகிற சாக்கில் என் பக்கம் குனிந்தார். காதோரம் கெஞ்சினார்.

"கவலப்படு புள்ள. நல்லாக் கவலப்படு."

பட்டேன். மாவு இறுகிப்போகுமோ என்று பட்டேன். ஈரத்துணி மூடாமல் விடுவாரோ என்று பட்டேன். ஓவனை முன்னாலேயே சூடு பண்ண மறப்பாரோ என்று பட்டேன். ஒவ்வொரு கவலைக்கும் ஒரு வேலை நடந்தது. மாவு பொங்குகிற நேரத்தில் பெண்களின் பேச்சும் அடங்கியது. காற்றில் உப்பு வாசம். அதற்குள்ளே மெல்ல மெல்ல இன்னொரு வாசம் எழுந்தது. யாரோ தூரத்தில் நல்ல செய்தியோடு வருகிற மாதிரி.

ரொட்டி வெளியே வந்தது. நடுவில் கொஞ்சம் வெடித்து, ஓரத்தில் செவந்து, கோணலாக. "ஆற விடாம வெட்டிருவீகளோ" என்று கடைசிக் கவலையையும் பட்டுவிட்டேன். கொஞ்சம் ஆறியதும் அவர் கத்தி கேட்டார். கொடுத்தேன். கோணல்மாணலாக ஒரு துண்டு வெட்டி மகளிடம் நீட்டினார்.

சல்மா கடித்தாள். கண்ணை அகல விரித்தாள்.

"வாப்பா! இது இன்னும் சுடுதே! ரொட்டி சூடாக்கூட இருக்குமா?"

பெண்கள் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் ஓவனைப் பார்த்தார். ஆனால் சல்மா அடுத்த துண்டுக்குக் கை நீட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவள் கன்னம் உப்புவதைத் தவிர யாருக்கும் வேறு எதுவும் தெரியவில்லை. லாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மாசா அல்லாஹ்! தங்கக் கை!"

அந்த ஒரு வார்த்தை போதும். மச்சான் நெஞ்சு மாவைவிட அதிகமாகப் பொங்கியது. தெருவே கேட்க அறிவித்தார்:

"இனிமே என் மவளுக்குத் தெனமும் நான்தான் ரொட்டி!"

சாட்சிக்கு ஒரு முற்றம் நிறைய ஆள் இருந்தது. நான் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

இப்போதெல்லாம் விடியற்காலையில் சுபுஹு தொழுததும் அவர் அடுப்படிக்குப் போகிறார். நான் திரும்பவும் படுக்கிறேன். அப்படிப் படுத்துத் தூங்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஜன்னலில் வெளுக்கிற வானம், தூரத்தில் வள்ளத்து எஞ்சின் சத்தம், பக்கத்தில் சல்மாவின் மூச்சு. எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து போகிற நேரம். இன்று காலை அந்த நேரத்தில்தான் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"மஜீதா... ஏ மஜீதா... ஈஸ்ட் போட்டாச்சு. அடுத்து ஒனக்கு என்ன கவல?"

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு கவலையும் இல்ல மச்சான்."