அமுக்கு, பிடி, விடு

"அமுக்கு!" என்று இறக்கைக்கு அடியிலிருந்து கத்தினான் மெக்கானிக்.

"அமுக்கியாச்சு," என்றாள் அந்தச் சின்ன விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த அவன் மனைவி.

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

சக்கரத்தின் பக்கத்தில், பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தான். பிளாஸ்டிக் குழாயில் சிவப்பு ஆயில் குமிழிகளோடு இறங்கியது. இனி அவன் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பான். அதன் பிறகுதான் அவள் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஆனால் மூடுவதற்குள்ளேயே எடுத்துவிட்டாள். வெளியே வந்த காற்று, குடையை மறந்து வைத்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரி அவசரமாக உள்ளே திரும்பியது.

"நான் இன்னும் விடுன்னு சொல்லவே இல்லையே!"

"சொன்ன மாதிரி கேட்டுச்சு."

அவன் நிப்பிளை மூடினான். 'விடு' என்ற அந்த ஒரு சொல்லில் ஏற்கெனவே சூடுபட்டவன். சில மாதங்களுக்கு முன் வீட்டில் ஜன்னல் தாழ்ப்பாளை வைத்து ஒரு சண்டை. ஊரிலுள்ளவர்கள் விமானத்தையெல்லாம் சரிசெய்கிறவருக்குச் சொந்த வீட்டுத் தாழ்ப்பாள் கண்ணில் படாதா என்று அவள் கேட்டாள். அவன் சலித்துப்போய் "விட்டுடு" என்றான். பேச்சைத்தான் விடச் சொன்னான். அவள் அவனையே விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று மறுநாளே ஒரு போன் போட்டிருக்கலாம். ரோஷம். நாள் ஆக ஆக அந்த ஒரு வாக்கியம் கனத்துக்கொண்டே போய், இப்போது வாயில் வரவே மறுத்தது.

இன்று காலை, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்று சொல்லிப் பைலட் விமானத்தை விட்டுப்போனார். மெக்கானிக்குக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. கல்லுக்குண்டு மாதிரி நின்ற உதவியாளுக்குக் காய்ச்சல் என்று அவனே முடிவுகட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனைவிக்குப் போன் போட்டான்.

"பிரேக்குல ஏர் எடுக்கணும். பெடல் அமுக்க ஆள் இல்ல. வர்றியா?"

கல்யாணமான புதிதில், ஆள் வைக்க வழியில்லாதபோது, அவள்தான் அமுக்கினாள். பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு தப்பில்லாமல் அமுக்குவாள்.

வந்தாள். ஷெட் வாசலில் வாட்ச்மேனிடம் என்னவோ கேட்டாள். நேராக வந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிடுவதாக அவன் திட்டம்.

வேலைதான் முடிகிற வழியாயில்லை. நாலு தடவைக்கு ஒரு தடவை அவள் முந்திக்கொண்டு காலை எடுத்தாள். ரப்பர் சீலும் போயிருக்கும் என்று கழற்றி மாற்றினான். பழைய காற்றோடு புதுக்காற்றும் சேர்ந்துகொண்டது.

"அந்தத் தாழ்ப்பாள் எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இப்ப அதுவா முக்கியம்? அமுக்கு!"

அவள் போன மறுநாளே அதைச் சரிசெய்து எண்ணெய்கூடப் போட்டிருந்தான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? குமிழியைப் பார்த்தால் மற்றதெல்லாம் மறந்துபோகிற பிறவி.

அந்த மும்முரத்தில் டாங்கில் ஆயில் ஊற்ற மறந்தான். டாங்க் வற்றி, லைன் முழுக்கக் காற்று. பதறிப்போய் ஆயிலை நிரப்பி, நிப்பிளை ஒரு சுற்று கூடுதலாகத் திருகினான். அவள் அமுக்கியதும் சிவப்பு ஆயில் அவன் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. சரியாக அப்போது பைலட் உள்ளே வந்தார்.

"ஐயோ, ரத்தம்!"

"ரத்தமில்ல சார், பிரேக்."

"ஐயையோ, பிரேக்குக்கு என்ன ஆச்சு?" என்று முன்னைவிடப் பலமாக அலறினார். "இருட்டுறதுக்குள்ள நான் கிளம்பணும். ஒரு பெடலை அமுக்க உருப்படியா ஒரு ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?"

மெக்கானிக்குக் காது சிவந்துவிட்டது. "நீ இறங்கு," என்றான் மனைவியிடம். "வாட்ச்மேன் அண்ணே, நீங்க கொஞ்சம் ஏறுங்க."

"நான் இறங்கணுமா?"

"ஆமா. உனக்கு இது சரிப்படல."

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். இறங்கினாள்.

வாட்ச்மேன் விமானத்தில் காலெடுத்து வைத்தது அன்றுதான். அமுக்கு என்றால் அமுக்கினார், பிடி என்றால் பிடித்தார், விடு என்ற பிறகே விட்டார். சற்று நேரத்தில் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. பெடல் கல் மாதிரி நின்றது. பைலட் மிதித்துப் பார்த்துத் திருப்தியாகப் பறந்து போனார்.

மெக்கானிக் கையைக் கழுவினான். தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினான். அவள் இல்லை. காலைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்த பழைய துணி ஸ்டூலின் மேல் மடித்து வைத்திருந்தது. வாசலுக்கு ஓடினான். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

நாளெல்லாம் பக்கத்திலேயே இருந்தவளிடம் சொல்லாமல் விட்டோமே என்று நொந்துகொண்டான். அதை வாட்ச்மேனிடம் காட்டிக்கொள்ளக் கூச்சமாயிருந்தது.

"பாவம் அண்ணே, அவளுக்குப் பழசெல்லாம் மறந்தே போச்சு. காலை எப்ப எடுக்கணும்னுகூடத் தெரியல."

"மறந்துச்சா?" என்றார் வாட்ச்மேன். "வரும்போதே, 'பிரேக் இன்னிக்குச் சரியாகலைன்னா நாளைக்கும் என்னைத்தான் கூப்பிடுவாரா'ன்னு எங்கிட்ட கேட்டுட்டுல்ல சார் உள்ள வந்தாங்க!"