ஓரிக்கையில் நிற்கும் வண்டி

காஞ்சிபுரத்தில் வண்டி வாங்கி வேகமாகப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வண்டி வாங்கிய பாவத்துக்கு நின்று நின்று போய், ஊரில் பாதி வீடுகளில் காபி குடித்தவர் எங்கள் மைக்செட்டு ஒருவர்தான்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் உற்சவம் எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுகிறவர், அதனால் மைக்செட்டு. ஊர்க் காது கிழியப் பாட்டுப் போடுவார். அவர் பேசினால் மட்டும் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. ‘மைக் டெஸ்டிங்’ தவிர வேறெதையும் அவர் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லோரும் இரும்புக்கும் மேஜை நாற்காலிக்கும் அடித்துக்கொள்ள, இவர் ஒரு பேட்டரி வண்டியோடு திரும்பினார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. டீசல் வேண்டாம், புகை கிடையாது. முக்கியமாக, சத்தமே கிடையாது. “நாள் பூரா சத்தத்துலயே கெடக்கறேன்பா. வீட்டுக்குப் போறப்பவாவது கம்முனு போலாமே” என்று காரணம் சொன்னார்.

அந்தக் கம்முதான் வம்பாகிவிட்டது. பின்னால் வண்டி வருவது தெரியாமல் தெருவில் ஜனங்கள் துள்ளி விழுந்தார்கள். அதற்காக முன்பக்கம் மாட்டுச் சலங்கை கட்டினார். பூம்பூம் மாடு வந்திருக்கிறது என்று பெண்கள் முறத்தில் அரிசியோடு வாசலுக்கு வந்தார்கள். ஒரு வாரம் அரிசி வாங்கவும் முடியாமல், மறுக்கவும் தெரியாமல் தவித்துவிட்டுச் சலங்கையைக் கழற்றினார்.

அடுத்த வம்பு பேட்டரி. அது கிழட்டுப் பேட்டரி. மைக்கும் அதிலேயே ஓடியது. பாட்டுப் போட்டால் வண்டி தளரும். வண்டி மேட்டில் ஏறினால் பாட்டு இழுக்கும். ஒரு தேர்தலில் வேட்பாளர் ஒருவர் இந்த வண்டியில் நின்று பிரசாரம் செய்தார். மனிதர் பேச்சை முடிக்கிற வழியாக இல்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தின் வாசலிலேயே வண்டி உயிரை விட்டது. எதிர்க்கட்சிக்காரர்களே இறங்கி வந்து, வேட்பாளரோடு சேர்த்து அடுத்த தெரு வரை தள்ளிவிட்டார்கள். அவர் கைகூப்பியபடியே போனார்.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார் மைக்செட்டு. தோளில் பெரிய ஒயர்ச் சுருள். ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா என்று கேட்பார். சார்ஜ் ஏற அரை நாளாகும். அரை நாள் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காபி தராமல் இருக்க முடியுமா? அவரும் சும்மா இருக்க மாட்டார். பாடாத ரேடியோவைப் பாட வைப்பார், மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். கூரம் கிராமத்தில் ஒரு வீட்டில் அவருக்கென்று தனி டம்ளரே வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நாளில் தெருவில் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. வண்டி ஓரிக்கையில் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. தாமலுக்குப் புறப்பட்டவர்கூட ஓரிக்கையில் நின்றுவிட்டதாகச் சொன்னார். தாமல் மேற்கே, ஓரிக்கை தெற்கே. அதுவும் எப்போதும் ஒரே வீட்டு வாசலில்.

அந்த வீட்டில் ஒரு டெய்லரம்மா இருந்தார். படுத்த படுக்கையான தாயாரைப் பார்த்துக்கொண்டு, பட்டுப் புடவைகளுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. நம் ஆளுக்கும் அதே கதைதான். கரண்ட் போனால் ஊரே மின்சார அலுவலகத்தைத் திட்டும். அவர் மட்டும் ஓரிக்கை வாசலில் உட்கார்ந்து, “வரட்டுமே, இன்னா அவசரம்” என்பாராம்.

இதெல்லாம் எங்கள் மண்டையில் ஏறவில்லை. பாவம், பேட்டரி போய்த்தான் மனிதர் அவதிப்படுகிறார் என்று நினைத்தோம். தெருவே சேர்ந்து ஆயுத பூஜையன்று புதுப் பேட்டரிகளை மாலை போட்டு அவர் முன்னால் வைத்தோம். அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று கைதட்டினோம்.

மறுநாள் என்னைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. வண்டி பட்டு நூல் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. டெய்லரம்மா வீட்டைத் தாண்டி, பாலாற்றங்கரை வரை போய்த் திரும்பினோம். மறுபடி அந்த வீட்டைத் தாண்டினோம். மறுபடி திரும்பினோம். அப்போதுதான், வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு விளங்கியது.

இந்த முறை அந்த அம்மாள் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றிருந்தார். மைக்செட்டு பிரேக் போட்டார்.

“இன்னா, நிக்காம போய்க்கினே இருக்குது?”

புதுப் பேட்டரி என்று நான்தான் பதில் சொன்னேன்.

“அப்போ இனிமே இங்க நிக்க வேண்டியதில்ல.” அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் மைக்செட்டைப் பார்த்துச் சொன்னார்.

மைக்செட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தார். ஊரெல்லாம் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் தோள் துண்டால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். நான் முழங்கையால் இடித்தேன். இவர் இப்போது பேசாமல் கிளம்பிவிட்டால் இந்த ஜென்மத்தில் பேச மாட்டார்.

“வண்டிக்குத்தான் வேண்டியதில்லமா” என்றார் கடைசியில்.

அந்த அம்மாள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டார். “அம்மா முழிச்சிக்கினுதான் இருக்குது. உள்ள வந்து அதுகிட்ட சொல்லுங்க.”

தை மாதம் கல்யாணம். ஓரிக்கைக்கே குடிபோனார். அதற்குப் பிறகு அந்த வண்டி கரண்ட் தீர்ந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. பின்தொட்டியில் ஜாக்கெட் மூட்டைகளும் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கட்டிலும் ஏறின. வண்டி குலுங்காது என்பதால் கிழவிக்கு அதில்தான் தூக்கம் வந்ததாம்.

போன வருஷம் பார்க்கப் போயிருந்தேன். ஒலிபெருக்கிக்குக் கீழேயே வாழ்ந்ததில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. நான் கேட்பதையெல்லாம் டெய்லரம்மா அவர் காதருகே குனிந்து சொல்ல, அவர் தலையாட்டிச் சிரித்தார். பொழுது சாய்ந்தது. போய்வருகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். மைக்செட்டு காதில் விழவில்லை. நானும், என்ன அவசரம் என்று, இன்னொரு தடவை சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.